பழைய பெக்ஸ் மெஷினை ஈமெயிலோடு இணைக்கலாமா? உள்துறைமுக வீதிக் கந்தோர் ஒன்றின் கேள்விக்குப் பதில்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருமலை உள்துறைமுக வீதிப் பக்கம், சுங்கத்தில் சரக்கு விடுவிக்கிற ஒரு கிளியரிங் கந்தோர். பிரிண்ட், கொப்பி, ஸ்கேன், பெக்ஸ் நான்கும் ஒன்றாக உள்ள மெஷின், வாங்கி ஏழெட்டு வருடம். போன் லைன் செப்புக் கம்பியிலிருந்து பைபருக்கு, அதாவது கண்ணாடி இழைக்கு, மாறிய நாளிலிருந்து பெக்ஸ் பாதியில் அறுந்து போகிறது. அதே மெஷினில் ஈமெயில் மூலமாகப் பெக்ஸ் அனுப்பவும் எடுக்கவும் செய்யலாம் என்கிறார் ஒருவர். அதெல்லாம் நடக்காது, புதிது வாங்குங்கள் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு வேலையை மனதில் வைத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. 026இல் தொடங்கும் உங்கள் பெக்ஸ் எண்ணுக்கு வரும் பெக்ஸ் தாளில் விழாமல் ஈமெயில் பெட்டிக்குப் போக வேண்டும் என்பது ஒன்று. மெஷினில் வைக்கும் தாள் யாரோ ஒருவருடைய ஈமெயிலுக்குப் போக வேண்டும் என்பது இன்னொன்று. நீங்கள் ஈமெயில் எழுதினால் அது கொழும்பிலோ சென்னையிலோ உள்ள ஒரு பெக்ஸ் எண்ணில் தாளாக வெளியே வர வேண்டும் என்பது மூன்றாவது. முதல் இரண்டும் உங்கள் மெஷினிலேயே பெரும்பாலும் முடியும். மூன்றாவது அந்த மெஷினால் மட்டும் ஆகிற காரியம் இல்லை.

நான் திருமலையில் கந்தோர் மெஷின்கள் பழுதுபார்க்கிறவன். சுருள் தாளில் வந்த பெக்ஸ் வெளிறிப்போகும் என்று பயந்து, வந்த உடனேயே போட்டோக் கொப்பி எடுத்து பைலில் போட்ட காலத்திலிருந்து இந்த வேலை. ஆனால் போன் கம்பெனியின் உள்வேலை என் கையில் இல்லை, நான் சட்டத்தரணியும் இல்லை. அந்த இரண்டு இடத்திலும் என் பேச்சை அளந்தே எடுத்துக்கொள்ளுங்கள். மெஷினின் மொடல் எண்ணையும் நீங்கள் எழுதவில்லை. ஆகவே மெனுவின் பெயர்கள் நான் சொல்வதிலிருந்து கொஞ்சம் மாறியிருக்கலாம்.

பெக்ஸ் என்பது அடிப்படையில் ஒரு போன் அழைப்பு. எண்ணை அழுத்தியதும் உங்கள் மெஷின் 1100 ஹேர்ட்ஸ் சத்தத்தில் அரை நொடி கூவும், மூன்று நொடி பொறுக்கும், மறுபடி கூவும். எதிர்ப்பக்க மெஷின் 2100 ஹேர்ட்ஸில் பதில் கொடுக்கும். அதற்குப் பிறகு கேட்கிற கரகரப்பு, எந்த வேகத்தில் பேசுவது என்று இரண்டு மெஷின்களும் பேரம் பேசுவது. பேரம் படிந்ததும் பக்கத்தைக் கோடு கோடாக, ஏ4 அகலத்துக்கு 1728 புள்ளி வீதம் அனுப்பும். இவ்வளவும் அந்த ஒரு அழைப்பு அறுவதற்குள் முடிய வேண்டும். ஈமெயிலில் அப்படி ஒரு அழைப்பே கிடையாது. ஓரிடத்தில் போட்டு வைக்கிறோம், மற்றவர் வசதிப்பட்ட நேரம் எடுக்கிறார். இரண்டையும் கலந்து, பெக்ஸ் பக்கத்தை ஈமெயிலின் இணைப்பாக அனுப்புவதற்கு டி.37 என்று ஒரு சர்வதேச விதிமுறை 1998இல் வந்தது. சில மெஷின்களின் மெனுவில் 'இன்டர்நெட் பெக்ஸ்' அல்லது 'ஐபெக்ஸ்' என்று இருப்பது அதுதான். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதில் அனுப்ப எதிர்ப்பக்கத்தின் ஈமெயில் முகவரி வேண்டும், போன் எண் உதவாது. நான் போய்வரும் கந்தோர்களில் யாரும் அதைப் பாவித்து நான் பார்த்ததில்லை. சாதாரண ஸ்கேன் போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

சரி, முதலில் மெஷினின் பின்பக்கத்தைப் பாருங்கள். போன் வயர் போகிற சிறிய சொக்கெட் இரண்டு இருக்கும். 'லைன்' என்று எழுதியது சுவருக்கு, 'எக்ஸ்ட்' என்று எழுதியது பக்கத்தில் வைக்கும் போனுக்கு. இவை போக, கொஞ்சம் அகலமாக, உள்ளே எட்டுத் தகடு தெரிகிற சொக்கெட் ஒன்று இருந்தால் அது நெட்வேர்க்குக்கு உரியது. அது இல்லை, வைபையும் இல்லை என்றால் இந்த மெஷினில் ஈமெயில் வேலை எதுவும் நடக்காது. ஒரு கந்தோரில் இரண்டு நாளாக பெக்ஸ் செத்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், தூசி துடைத்தவர் போன் வயரை அகலமான சொக்கெட்டில் செருகியிருந்தார். போன் வயரின் தலை சிறியது, நெட்வேர்க் சொக்கெட்டுக்குள் நன்றாகவே போய் உட்காரும். அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

நெட்வேர்க் சொக்கெட் இருந்தால் ரவுட்டரிலிருந்து ஒரு வயர் இழுங்கள். வைபையும் வேலை செய்யும், ஆனால் அசையாமல் ஒரே மேசையில் இருக்கிற மெஷினுக்கு வயர்தான் நிம்மதி. மெனுவில் நெட்வேர்க் அறிக்கை என்று ஒன்றைப் பிரிண்ட் பண்ணலாம், அதில் மெஷினின் ஐபி முகவரி, அதாவது நெட்வேர்க்கில் அதற்குரிய எண், இருக்கும். அந்த எண்ணைக் கொம்பியூட்டரின் பிரவுசரில் அடித்தால் மெஷினின் சொந்தப் பக்கம் திறக்கும். மெஷின் முன்னால் நின்று சின்னத் திரையில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்துவதைவிட, கதிரையில் இருந்து அங்கே அடிப்பது நூறு மடங்கு சுகம்.

வருகிற பெக்ஸை முதலில் ஒழுங்கு பண்ணுங்கள், இதில்தான் பலன் அதிகம். பெக்ஸ் பகுதியில் 'பெக்ஸ் போர்வர்ட்', 'ஈமெயிலுக்கு அனுப்பு' என்ற மாதிரி ஒன்று இருக்கும். அதில் கந்தோர் முகவரியைக் கொடுத்தால், வழக்கம்போல 026 எண்ணுக்கு வருகிற பெக்ஸ் பிடிஎப் ஆகவோ டிப் (TIFF) என்ற படக் கோப்பாகவோ மெயிலில் போய் விழும். அனுப்புகிறவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. சில மெஷின்களில் ஈமெயிலுக்குப் பதிலாகக் கொம்பியூட்டரின் ஒரு போல்டருக்குள் போடும் வசதி மட்டும் இருக்கும், அதுவும் பரவாயில்லை. எதுவானாலும் 'தாளிலும் அடி' என்பதை முதல் ஒரு மாதத்துக்கு நிறுத்த வேண்டாம். மெயில் போகாத நாளில் பெக்ஸ் மெஷினின் நினைவகத்தில் மட்டும் நிற்கும். சில மொடல்களில் கரண்ட் போனால் அந்த நினைவகம் துடைபட்டுவிடும்.

இதற்கும், தாளை ஸ்கேன் பண்ணி ஒருவருடைய ஈமெயிலுக்கு அனுப்புகிற இரண்டாவது வேலைக்கும் மெஷினுக்கு ஒரு மெயில் கணக்குத் தேவை. தொண்ணூறு வீதம் தலைவலி இங்கேதான். ஜிமெயில் என்றே வைத்துக்கொள்வோம். சேர்வர் பெயர், போர்ட் எண், பயனர் பெயர், கடவுச்சொல் என்று நான்கு கட்டங்கள் கேட்கும். போர்ட் 587 போட்டால் பாதுகாப்பு முறையில் 'ஸ்டார்ட் டிஎல்எஸ்' தெரிவு செய்ய வேண்டும். 465 போட்டால் 'எஸ்எஸ்எல்' தெரிவு செய்ய வேண்டும். இரண்டையும் மாற்றிக் கட்டினால் மெஷின் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு இணைப்புப் பிழை என்று சொல்லும். கடவுச்சொல் கட்டத்தில் நீங்கள் வழமையாக மெயில் திறக்கிற சொல் செல்லாது. 2022 மே 30இலிருந்து தனிநபர் கணக்குகளுக்குக் கூகுள் அதை நிறுத்திவிட்டது. முதலில் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, பிறகு 'ஆப் பாஸ்வேர்ட்' என்று 16 எழுத்துள்ள ஒன்றைப் பெற்று, அதை இடைவெளி விடாமல் அடிக்க வேண்டும். பின்னொரு நாள் யாராவது அந்தக் கணக்கின் பிரதான கடவுச்சொல்லை மாற்றினால் இந்த 16 எழுத்தும் செத்துவிடும். 'நேற்று வரை வேலை செய்தது, நாங்கள் ஒன்றும் தொடவில்லை' என்று எனக்கு வருகிற அழைப்புகளில் பாதிக்குக் காரணம் இதுதான். மெஷினைத் தொடவில்லைதான், மெயிலைத் தொட்டிருப்பார்கள். அனுப்புநர் முகவரிக் கட்டத்திலும் அதே கணக்கின் முகவரியையே போடுங்கள். வேறு ஒன்றைப் போட்டால் பல சேர்வர்கள் மறுத்துவிடும்.

உங்கள் மெஷின் வயதானது என்பதால் இன்னொரு சிக்கல் வரலாம். மெயில் சேர்வரும் மெஷினும் பேசுகிற டிஎல்எஸ் பூட்டின் பழைய பதிப்புகளான 1.0, 1.1 இரண்டையும் 2021இல் கைவிடும்படி இணையத் தரநிலைக்காரர்கள் அறிவித்தார்கள். உங்கள் மெஷினுக்கு 1.2 தெரியாவிட்டால் என்ன கடவுச்சொல் போட்டாலும் சில சேர்வர்கள் கதவைத் திறக்காது. தயாரித்த கம்பெனியின் தளத்தில் அந்த மொடலுக்குப் புதிய பெர்ம்வெயார், அதாவது மெஷினுக்குள் ஓடுகிற மென்பொருள், இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால், நேரே ஈமெயிலுக்கு அனுப்பும் ஆசையை விட்டுவிட்டு, கொம்பியூட்டர் போல்டருக்கு ஸ்கேன் பண்ணி அங்கிருந்து அனுப்புங்கள். இதற்காக மட்டும் மெஷினை மாற்ற வேண்டியதில்லை.

நானே மாட்டிக்கொண்ட இரண்டு இடங்களைச் சொல்கிறேன். உவர்மலையில் ஒரு கந்தோரில் மெஷினுக்கு நிலையான ஐபி எண் கொடுத்திருந்தார்கள், நல்ல பழக்கம்தான். பிரிண்ட் போகிறது, மெஷினின் பக்கம் பிரவுசரில் திறக்கிறது, மெயில் மட்டும் போகவில்லை. கடவுச்சொல்லை நான்கு தடவை மாற்றினேன். கடைசியில் பார்த்தால் டிஎன்எஸ் என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. சேர்வரின் பெயர் மெஷினுக்குத் தெரியும், அந்தப் பெயருக்கு உரிய முகவரியை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. ரவுட்டரின் எண்ணை அதில் போட்டதும் அடுத்த நிமிடம் மெயில் பறந்தது. இன்னொரு கந்தோரில் நீண்ட மின்தடைக்குப் பிறகு மெஷினின் கடிகாரம் பல வருடம் பின்னுக்குப் போயிருந்தது. சேர்வர் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று நினைத்து மெஷின் அதை நம்ப மறுத்தது. ஆகவே மற்ற எல்லாவற்றுக்கும் முதல் திகதியைப் பாருங்கள்.

ஸ்கேன் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. இன்வொய்ஸ், பில் ஒவ் லேடிங் மாதிரித் தாள்களுக்கு கறுப்பு வெள்ளையில் அங்குலத்துக்கு 200 அல்லது 300 புள்ளி போதும். கலரில் 300 புள்ளியில் ஒரு ஏ4 பக்கம் சுருக்காத நிலையில் 26 மெகாபைட் அளவுக்கு வரும். மெஷின் சுருக்கித்தான் அனுப்பும், ஆனாலும் இருபது பக்கக் கட்டொன்று ஜிமெயிலின் 25 மெகாபைட் எல்லையை முட்டுவதற்கு இடமுண்டு. மெயிலில் ஏறும்போது இணைப்பு மூன்றில் ஒரு பங்கு பெருகும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

இனி உங்கள் உண்மையான நோய்க்கு வருவோம். வருகிற பெக்ஸை ஈமெயிலுக்குத் திருப்பினாலும் அது முதலில் போன் லைனில்தான் வர வேண்டும். லைன் அறுந்தால் மெயிலிலும் பாதிப் பக்கம்தான் கிடைக்கும். செப்புக் கம்பியில் சத்தம் சத்தமாகவே போனது. பைபர் பெட்டியின் போன் சொக்கெட்டில் சத்தம் சின்னச் சின்னப் பொட்டலங்களாக உடைந்து போகிறது. மனிதர் பேச்சில் ஒரு பொட்டலம் தவறினால் காது பொறுத்துக்கொள்ளும், பெக்ஸ் பொறுக்காது. பெக்ஸைப் பொட்டலங்களில் பத்திரமாகக் கொண்டுபோவதற்காகவே டி.38 என்று ஒரு முறை இருக்கிறது. உங்கள் லைனில் அது இயக்கப்பட்டிருக்கிறதா என்று சேவை தருபவரிடம் நேரடியாகக் கேளுங்கள், 'பெக்ஸுக்கு டி.38 இருக்கிறதா' என்ற இதே சொற்களில். 'பெக்ஸ் போகுமா' என்று கேட்டால் போகும் என்றுதான் சொல்வார்கள்.

உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது வேகத்தைக் குறைப்பது. சுப்பர் ஜி3 என்ற, நொடிக்கு 33,600 பிட் வேகம் இருந்தால் அதை நிறுத்துங்கள். 14,400 சரிவராவிட்டால் 9,600க்கு இறக்குங்கள். ஒரு பக்கத்துக்குக் கொஞ்ச நேரம் கூடும், அவ்வளவுதான். இது அநேகமாகப் பலன் தரும் என்று துணிந்து சொல்வேன். அடுத்தது ஈசிஎம் என்கிற பிழை திருத்தம். இதை நிறுத்தச் சொல்லிப் பலரும் அறிவுரை சொல்வார்கள். எனக்கு இதில் இரண்டு மனம். ஈசிஎம் இருந்தால் பிழையான துண்டை மெஷின் திரும்பக் கேட்கும், லைன் மோசமென்றால் கேட்டுக் கேட்டே களைத்து அறுந்துவிடும். நிறுத்தினால் அழைப்பு தப்பும், ஆனால் கெட்ட கோடு கெட்டபடியே விழும். கடிதம் என்றால் வாசித்துக்கொள்ளலாம். உங்கள் கந்தோரில் கொள்கலன் எண்ணில் ஒரு இலக்கம் அழிந்து 3 ஆனது 8 ஆகத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் வேகத்தை முதலில் குறையுங்கள், ஈசிஎம்மை கடைசியாகத் தொடுங்கள். சில மெஷின்களில் இரண்டையும் ஒன்றாகச் செய்ய 'விஓஐபி' (இணையவழிப் போன்) என்றே ஒரு தெரிவு இருக்கும். அது பொத்தான் ஒன்றுதான் என்றாலும் உள்ளே ஈசிஎம்மும் சேர்ந்து போகும் என்பதை மறக்க வேண்டாம்.

பைபரைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் வயரையும் பாருங்கள். இது நம் ஊருக்கே உரிய வியாதி. துறைமுகப் பக்கக் கந்தோர் ஒன்றில், யன்னலுக்குக் கீழே இருந்த சொக்கெட்டிலிருந்து வயரைக் கழற்றிப் பார்த்தேன். தலைக்குள் இருந்த நடுத் தகடு இரண்டும் பாசி பிடித்ததுபோல் பச்சையாக இருந்தன. உப்புக் காற்று. பேசும்போது லேசான இரைச்சல் மட்டும்தான் கேட்டதாம், யாரும் கவனிக்கவில்லை. தலையை வெட்டிப் புதிது அடித்து, சொக்கெட்டையும் மாற்றினேன். அதற்குப் பிறகு பெக்ஸ் அறவில்லை. சின்னச் செலவில் முடிகிற காரியம், முதலில் இதைச் செய்யுங்கள். இன்னொன்று, செப்புக் கம்பியில் கரண்ட் போனாலும் சாதாரண போன் உயிரோடு இருந்தது. பைபர் பெட்டி அப்படியில்லை. பெட்டி, ரவுட்டர், மெஷின் மூன்றில் எது நின்றாலும் பெக்ஸ் நின்றுவிடும். பெட்டிக்கும் ரவுட்டருக்கும் ஒரு சின்ன யூபிஎஸ் வைக்கலாம். லேசர் மெஷினை அதில் மாட்ட வேண்டாம், சூடேறும் நேரம் அது இழுக்கிற கரண்டை அந்தச் சின்னப் பெட்டி தாங்காது.

மூன்றாவது கேள்வி, பெக்ஸ் எண்ணுக்கு ஈமெயில் எழுதி அனுப்புவது. எங்கோ ஒரு போன் லைன் அந்த எண்ணை அழைத்தே ஆக வேண்டும். உங்கள் லைனே அழைக்கலாம் என்றால், மெஷினோடு வரும் 'பிசி பெக்ஸ்' டிரைவரைக் கொம்பியூட்டரில் போடுங்கள். வேர்டிலோ பிடிஎப்பிலோ பிரிண்ட் கொடுத்து, பிரிண்டர் பட்டியலில் பெக்ஸைத் தெரிவு செய்து எண்ணைக் கொடுத்தால் மெஷின் அழைத்து அனுப்பிவிடும். இது ஈமெயில் இல்லைதான், ஆனால் தாள் அடித்து, கொண்டுபோய் வைத்து, எண் அழுத்துகிற வேலை மிச்சம். பத்துக் கந்தோரில் ஒன்பதுக்கு இது போதும். லைனே வேண்டாம் என்றால் மாதக் கட்டணத்தில் இணைய பெக்ஸ் சேவைகள் இருக்கின்றன. பெக்ஸ் எண்ணை முகவரியின் முன்பாதியாகப் போட்டு மெயில் எழுதினால் அவர்கள் தங்கள் லைனில் அழைத்துக் கொடுப்பார்கள். அனுப்புவதற்கு மட்டும் என்றால் நல்ல வழி. பெறுவதற்கு அவர்கள் தருகிற எண் வேறாக இருக்கும். உங்கள் 026 எண்ணையே அங்கு கொண்டுபோகலாம் என்று யாராவது சொன்னால் அதை எழுத்தில் வாங்காமல் பழைய லைனை வெட்ட வேண்டாம். பழைய கொம்பியூட்டர் ஒன்றில் லினக்ஸும் ஹைலாபெக்ஸ் என்ற பெக்ஸ் மென்பொருளும் போட்டு, ஒரு பெக்ஸ் மொடம் மாட்டி, இரண்டு திசையிலும் ஈமெயிலோடு இணைக்கவும் முடியும். எனக்கு அது பிடித்த வேலை. ஆனால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத கந்தோருக்கு அதைச் சொல்லமாட்டேன்.

எந்த ஈமெயில் பெட்டிக்கு அனுப்புவது என்பது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஒரு கந்தோரில் மெஷினைச் செட் பண்ணிய பொடியன் தன் சொந்த முகவரியைப் போட்டிருந்தான். அவன் வேலையை விட்டு வெளிநாடு போன பிறகும் பெக்ஸ் எல்லாம் அவனுக்கே போய்க்கொண்டிருந்தது. தாளில் அடிப்பதையும் நிறுத்தியிருந்ததால் 'இப்போது யாரும் பெக்ஸ் அனுப்புவதில்லை' என்று அங்கே நினைத்துக்கொண்டிருந்தார்கள். கந்தோரின் பெயரில் ஒரு பெட்டி திறந்து, இரண்டு பேராவது பார்க்கிற மாதிரி வையுங்கள். உங்களுக்கு வருபவற்றில் அடையாள அட்டைக் கொப்பியும் வங்கி விபரமும் இருக்கும், எல்லாருடைய போனிலும் அது திறக்கத் தேவையில்லை.

பெக்ஸுக்குப் பதில் ஸ்கேன் பண்ணிய ஈமெயிலை மற்றவர்கள் ஏற்பார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம், ஓர் ஆவணம் இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் அதைத் தள்ளக் கூடாது என்கிறது. மரண சாதனம், அற்றோர்னித் தத்துவம், காணி விற்பனை போன்றவற்றுக்கு அது பொருந்தாது. இது சட்டம். கவுண்டரில் இருப்பவர் 'சீல் அடித்த மூலப் பிரதி வேண்டும்' என்றால் அது அந்தக் கந்தோரின் வழக்கம், அதை அவர்களிடமே கேட்டுத்தான் அறிய வேண்டும். பெக்ஸில் ஒரு வசதி இருந்தது. போய்ச் சேர்ந்தது என்று திகதி, நேரம், பக்க எண்ணிக்கையோடு ஒரு ரிப்போர்ட் வரும். ஈமெயிலில் அப்படி நம்பக்கூடிய ரசீது இல்லை. முக்கியமான தாள் என்றால் 'கிடைத்தது' என்று ஒரு வரி பதில் கேளுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன் இரண்டு தாள் அடித்து வையுங்கள்: இப்போதைய அமைப்புகளின் பட்டியல், மெஷினில் சேமித்திருக்கும் பெக்ஸ் எண்களின் பட்டியல். பழுது பார்க்க வருகிறவர் ஒன்றும் பிடிபடாமல் மெஷினைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிட்டால் இரண்டும் போய்விடும். நானும் ஒரு தடவை அப்படிச் செய்து, அடுத்த நாள் முழுக்க அந்தக் கந்தோரில் இருந்து எண்களைத் திரும்ப ஏற்றியிருக்கிறேன். வயரை மாற்றி, வேகத்தைக் குறைத்த பிறகும் அறுந்தால், மெஷினின் மொடல் எண்ணையும் அறுந்த பெக்ஸின் ரிப்போர்ட்டில் வருகிற பிழை எண்ணையும் இங்கே எழுதுங்கள். மூன்றாம் பக்கத்தில் அறுகிறதா, தொடக்கத்திலேயே அறுகிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.